முகூர்த்தத்துக்கு மூன்று மாதம்: மணப்பெண் சருமம், கேள்வி பதில்

வேலூர் சத்துவாச்சாரியில் 18 வருடமாக பார்லர் நடத்துகிறேன். தோல் மருத்துவர் இல்லை. எது என் நாற்காலியில் முடியும், எதை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று பிரிக்கத் தெரியும். அதைக் கற்றுக்கொள்ளவே பாதி வருடங்கள் போய்விட்டன. கேட்டிருந்தவர்களுக்கு என்னால் முடிந்த பதில்கள் இதோ.

காட்பாடியிலிருந்து ஒரு மணப்பெண்: அக்கா, இன்னும் 90 நாள் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். முக்கால்வாசிப் பேர் பத்திரிகை அடித்து முடித்த பிறகுதான் வருகிறார்கள். மேல்தோல் அடியிலிருந்து புதிதாக வளர்ந்து மேலே வர ஏறக்குறைய 28 நாள் ஆகும், வயது கூடினால் இன்னும் கொஞ்சம் கூடும். அதனால் எந்த க்ரீமாக இருந்தாலும் ஒரு மாதம் போகாமல் 'கேட்கிறது, கேட்கவில்லை' என்று சொல்ல முடியாது. பரு, மங்கு, முடி கொட்டுதல் என்று ஏதாவது இருந்தால் முதல் வாரமே தோல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் மூன்றே பொருள் போதும்: நுரை அதிகம் வராத ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன்.

மேக்கப் ட்ரையலை ஆறு வாரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது பொருள் ஒத்துக்கொள்ளாவிட்டால் தோல் ஆறுவதற்கு நேரம் இருக்கும். கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக எதுவும் வேண்டாம், உங்கள் அத்தை துபாயிலிருந்து வாங்கி வந்ததாக இருந்தாலும்.

வேலூர் பாகாயத்திலிருந்து: வைகாசியில் கல்யாணம். தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறேன். கை ஒரு கலர், முகம் ஒரு கலர். டேன் போக இன்னா பண்ணலாம்?

நம் ஊரில் மே 4 வாக்கில் கத்திரி பிறந்தால் மாதக் கடைசி வரை விடாது, 40 டிகிரியைத் தாண்டுவதெல்லாம் நமக்குச் செய்தியே இல்லை. டேனை எடுப்பதை விட இனி ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகம், கழுத்துக்குச் சரியாக இருக்கும். பட்டாணி அளவு தடவிவிட்டு 'ஒன்றும் பலன் இல்லை' என்று சொல்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போட வேண்டும். அது நடக்காது என்று எனக்கும் தெரியும். அதனால் முழங்கை வரை பருத்தி உறை, கழுத்தை மூடும் துப்பட்டா, இரண்டும் கட்டாயம். இன்றைக்கே தொடங்கினால் இரண்டு மூன்று மாதத்தில் கை தானாகவே பழைய நிறத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள். அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் கொப்புளம் வந்து, ஆறிய பிறகு கறுப்புத் தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா: என் பெண் மாநிறம். மாப்பிள்ளை வீட்டார் சிவப்பு. தெரிந்த பார்லரில் ஒரு 'ஃபார்முலா க்ரீம்' கொடுத்தார்கள், பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. கல்யாணம் வரை போடலாமா?

அம்மா, இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்து நாளில் பளிச்சென்று ஆகும் க்ரீம் என்றாலே எனக்கு வயிறு கலங்கும். பெரும்பாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கும். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ட்யூபில் பெயர் இருந்தால் அதுதான். பெயரே ஒட்டாத வெள்ளை டப்பாவாக இருந்தால் அதை விட மோசம், உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது.

முதல் சில வாரம் முகம் வெளுக்கும், பரு அடங்கும், எல்லோரும் 'என்னடி போடுகிறாய்' என்று கேட்பார்கள். அப்புறம் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், கன்னத்தில் பூனை முடி வளரும், பொடிப் பொடியாகப் பரு வரும். நிறுத்தினால் இரண்டே நாளில் முகம் தீயாக எரியும், பயந்துபோய் மறுபடி தடவுவார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த வகை ஆயின்மென்ட்டுகளை விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

சில வெளுப்பு க்ரீம்களில் பாதரசமும் உண்டு. 2023-ல் கேரளாவின் மலப்புரத்தில் இப்படிப்பட்ட க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். முகத்தில் தடவியது கிட்னியில் போய் நிற்கிறது.

பெண்ணைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் முகம் பொங்கலாம். எப்படி நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும். வெளுக்க வைக்கிறேன் என்று குளூட்டாதயோன் ஊசிக்குக் கூப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காரியத்துக்கு அந்த ஊசிக்கு அனுமதி கிடையாது, போகாதீர்கள்.

மாநிறத்தில் ஆரணிப் பட்டின் அரக்குச் சிவப்பு எப்படி எடுக்கும் என்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். இரண்டு ஷேடு வெள்ளையாக ஃபவுண்டேஷன் போடச் சொல்லி என்னிடமும் வருகிறார்கள். ஆல்பத்தில் முகம் ஒரு பெண், கழுத்து இன்னொரு பெண் என்று வந்து நிற்கும்.

ஆம்பூரிலிருந்து: ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்து அரிக்கிறது. மருதாணி வைத்தால் சரியாகுமா?

தங்கச்சி, வெடித்த தோலில் மருதாணியே வேண்டாம், முதலில் ஆறட்டும். தோல் பதனிட குரோமியம் சேர்ப்பார்கள். அது சிலருக்கு ஒவ்வாமை தரும். ஒட்டும் பசையும் அப்படித்தான். ஞாயிறு விடுமுறையில் குறைந்து திங்கள் வேலைக்குப் போனதும் அரிப்பு கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடினால் வேலையிடம்தான் காரணம் என்று சந்தேகப்படலாம். டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை செய்து எது என்று கண்டுபிடிப்பார்கள். அதுவரை உள்ளே பருத்தி, வெளியே ரப்பர் என்று இரட்டைக் கையுறை. கை கழுவியதும் ஈரம் காய்வதற்குள் வாசலின். ராத்திரி தடவிக்கொண்டு பருத்தி உறை போட்டுத் தூங்கினால் வெடிப்பு சீக்கிரம் மூடும்.

வாலாஜாவிலிருந்து: சீக்கிரம் கறுக்கும் கருப்பு மருதாணி கோன் வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மணப்பெண்ணுக்கு நானே அதை வைத்தேன். மூன்றாம் நாள் கோடு போட்ட இடமெல்லாம் டிசைன் மாறாமல் கொப்புளம். முகூர்த்த போட்டோவில் அந்தப் பெண் கையைப் புடவைக்குள் மறைத்திருப்பாள், இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. முடிச் சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனம்தான் அந்தக் கருப்பு.

அசல் மருதாணி எடுத்தவுடன் ஆரஞ்சாகத்தான் இருக்கும், ஒன்று இரண்டு நாளில் அடர் செம்பழுப்பாக ஏறும். அதனால் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் வையுங்கள். கைக்கு வேக்ஸிங் இருந்தால் அதை மருதாணிக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பின்னால் செய்தால் வேக்ஸோடு சேர்ந்து நிறமும் உரிந்து வரும்.

குடியாத்தத்திலிருந்து: முதுகில் வெளிறிய திட்டு ஒன்று இருக்கிறது. தேமல் என்று பாட்டி சொல்கிறார். பிளவுஸ் முதுகு இறக்கம் என்பதால் கவலை.

தேமலாகவே இருக்கலாம். வியர்க்கிற ஊர், நிறையப் பேருக்கு உண்டு. அது பூஞ்சை, மேலே மெல்லிய செதில் இருக்கும், மருந்தில் போய்விடும். ஆனால் பூஞ்சை போன பிறகும் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும், அதனால் இப்போதே பாருங்கள். வட்டமாக ஓரம் தடித்து அரித்தால் படர்தாமரை. அதற்குக் கடையில் கேட்டு ஏதோ ஒரு ட்யூப் வாங்காதீர்கள், ஸ்டீராய்டு கலந்தது தடவினால் உள்ளுக்குள் பரவும்.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன், பயப்படாமல் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சு நுனியால் அந்தத் திட்டை யாரையாவது தொடச் சொல்லுங்கள். தொட்டது தெரியாவிட்டால், அல்லது மந்தமாகத் தெரிந்தால், தாமதிக்காமல் காட்ட வேண்டும். தொழுநோயாக இருக்க வாய்ப்புண்டு. நீங்கள் கொடுத்து வைத்தவர், காட்பாடிப் பக்கம் கரிகிரி இருக்கிறது. 1955-ல் இந்த நோய்க்கென்றே தொடங்கிய மருத்துவமனை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாத்திரை இலவசம். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் முழுசாகக் குணமாகும், மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிறருக்குத் தொற்றாது. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று இருந்த பழைய சட்டப் பிரிவையும் 2019-ல் நீக்கிவிட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து மறைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

திருப்பத்தூரிலிருந்து: கழுத்தைச் சுற்றிக் கறுப்பு. எத்தனை ஸ்க்ரப் போட்டும் போகவில்லை.

அது அழுக்கு இல்லை, தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். வெல்வெட் மாதிரித் தடித்திருந்தால் சர்க்கரை, எடை, தைராய்டு பாருங்கள். மாதவிடாய் தள்ளிப்போய், தாடையிலும் முடி வந்தால் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) பரிசோதனையும் செய்யுங்கள்.

ஆற்காட்டிலிருந்து: பருவுக்கு டாக்டர் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கொடுத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன் வேக்ஸிங் செய்யலாமா?

கூடாது, தோலோடு உரிந்து வரும். மாத்திரை நிறுத்தி ஆறு மாதம் வரை த்ரெடிங், ஷேவிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதை விட முக்கியமான ஒன்று: இந்த மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் ஆகக் கூடாது, குழந்தைக்குக் கடுமையான குறை வரும். கல்யாணத் தேதியை உங்கள் டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய.

ஆரணியிலிருந்து: நலங்கு அன்று மஞ்சள் முகத்தில் அப்பினால் மேக்கப் திட்டுத் திட்டாக வருமா?

வரும், நானே அவதிப்பட்டிருக்கிறேன். நலங்கை நிறுத்தச் சொல்ல நான் யார்? கன்னத்தில் பெயருக்குத் தொட்டுவிட்டு, கை காலில் தாராளமாகப் பூசச் சொல்லுங்கள், அப்புறம் பயத்தமாவு போட்டுக் குளித்துவிடுங்கள். பளிச்சென்ற மஞ்சளில் விற்கும் எல்லாமே கஸ்தூரி மஞ்சள் ஆகிவிடாது. முகத்துக்கென்று வாங்கினால் முன்கூட்டி முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள். போர் தண்ணீரின் உப்பால் குளித்ததும் தோல் இழுத்துப் பிடிக்கும், ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் போட மறக்க வேண்டாம்.

அணைக்கட்டிலிருந்து: முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் காலை 4.30 முகூர்த்தம். ராத்திரி மேக்கப்பை அப்படியே வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம் என்கிறார்கள்.

சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் மணப்பெண் இல்லை. ரிசப்ஷன் முடிய 11 ஆனாலும் உட்கார்ந்து கலையுங்கள். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிப் பஞ்சால் துடைத்து, ஃபேஸ் வாஷ் போட்டு, மாய்ஸ்சரைசர் போட்டு, இரண்டு மணி நேரமாவது தூங்குங்கள். பரு வரும் முகம் என்றால் எண்ணெய்க்குப் பதில் மேக்கப் கலைக்கும் மைசெல்லார் தண்ணீர். காலையில் மெல்லிய பூச்சு போதும், ஹோமப் புகையில் கண் கலங்கும்போது தடித்த பூச்சுதான் முதலில் வெடிக்கும்.

த்ரெடிங், வேக்ஸிங் மூன்று நாள் முன்னால். ஃபேஷியல் ஒரு வாரம் முன்னால், அதுவும் ஏற்கெனவே செய்து பழகியது மட்டும். ஒருவேளை இரண்டு நாள் முன்னால் பெரிய பரு எழும்பினால் கிள்ளாதீர்கள், டூத்பேஸ்ட் வைக்காதீர்கள். தோல் டாக்டர் அந்தப் பருவுக்குள்ளேயே சின்ன ஊசி போடுவார், ஒன்று இரண்டு நாளில் அமுங்கிவிடும்.

வாணியம்பாடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை: அக்கா, எனக்கும் ஏதாவது சொல்லுங்கள். பிரியாணி சாப்பிட்டால் பரு வருமா?

ஒருவராவது கேட்டீர்களே, தம்பி. ஷேவிங்கை முகூர்த்தக் காலையில் அவசரமாகச் செய்யாமல் முந்தின நாள் மாலையே, முடி வளரும் திசையில், புது பிளேடில் செய்யுங்கள். முடி வெட்டுவது ஒரு வாரம் முன்னால். சன்ஸ்கிரீன் உங்களுக்கும்தான்.

பிரியாணியின் எண்ணெய் நேராகப் பருவாக மாறாது. இனிப்பு, மைதா, கூல்டிரிங்க்ஸ் போல ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுபவற்றுக்கும் பருவுக்கும்தான் தொடர்பு கண்டிருக்கிறார்கள், சிலருக்குப் பாலும். அதனால் ஆம்பூர் பக்கம் போவதை நான் தடுக்கவில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மட்டும் வேண்டாம். அது முகத்துக்காகச் சொல்லவில்லை, விடிகாலையில் இரண்டு மணி நேரம் மணையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டுமே.