ராஜினாமா கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: ஐயா, நான் 12 ஆண்டுகள் ராணுவத்தில் வாகனப் பழுதுபார்ப்புப் பிரிவில் இருந்துவிட்டு, ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தவன். பிறகு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பராமரிப்பு டெக்னீஷியனாகச் சேர்ந்து 11 ஆண்டு 6 மாதம் ஆகிறது. ஷிப்ட் அலவன்ஸ், ஓவர்டைம் எல்லாம் சேர்த்து மாதம் சராசரியாக 3,200 ரிங்கிட் வரும். இப்போது கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். எச்.ஆர். அதிகாரி ஒரு ராஜினாமா கடிதத்தை நீட்டி, "இதில் கையெழுத்துப் போடுங்கள். காண்ட்ராக்டர் கம்பெனி அடுத்த வாரமே இதே சம்பளத்துக்கு உங்களை எடுத்துக்கொள்ளும். இதே இடம், இதே இயந்திரம்தான்" என்கிறார். வெளியே ஓர் ஏஜெண்ட், "சட்டப்படி உங்களுக்கு 28,300 ரிங்கிட் வரவேண்டும். நான் வாங்கித் தருகிறேன், 15 விழுக்காடு கொடுத்தால் போதும்" என்கிறார். ராணுவத்தில் இருந்த வருடங்கள் கணக்கில் சேருமா? 43 வயதில் எனக்கு வேறு வேலை கிடைக்குமா? நான் என்ன செய்வது?
— பட்டர்வொர்த் வாசகர்

பதில்: முதலில் அந்தக் கடிதம். கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துவந்து நிதானமாகப் படியுங்கள். இப்படிப்பட்ட கடிதங்களில் 'அத்தாஸ் கெரெலாஆன் செண்டிரி', அதாவது என் சொந்த விருப்பத்தின் பேரில், என்று ஒரு வரி இருக்கும். உங்கள் பதினொன்றரை வருட உழைப்பை அழிக்க அந்த ஒரு வரி போதும். சொந்த விருப்பத்தில் போனவருக்கு ஆட்குறைப்பு நஷ்டஈடு கிடையாது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலை இழப்புக் காப்புறுதிப் பணமும் கிடையாது. 'மிரட்டி வாங்கினார்கள்' என்று பிறகு வழக்குப் போட முடியும். ஆனால் மிரட்டினார்கள் என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். மூடிய அறைக்குள் இரண்டு எச்.ஆர். அதிகாரிகளும் நீங்களும் மட்டும் இருந்தீர்கள் என்றால் யாரைச் சாட்சிக்கு அழைப்பீர்கள்?

நேரில் வாதாட வேண்டாம். எச்.ஆர். பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாட்ஸ்அப் என்றாலும் சரி: "நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை. தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். கம்பெனி ஆட்குறைப்பு செய்வதானால் சட்டப்படியான நோட்டீசையும் நஷ்டஈட்டையும் எழுத்தில் தாருங்கள்." இவ்வளவு போதும். அனுப்பியதை அழித்துவிடாதீர்கள்.

சிலர் விஎஸ்எஸ் எனப்படும் விருப்பப் பிரிவுத் திட்டத்தையும் ராஜினாமாவையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. விஎஸ்எஸ்ஸில் கம்பெனி ஒரு தொகையை எழுத்தில் தருகிறது, நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள். அதற்குப் பெர்கேசோ காப்புறுதியும் உண்டு. உங்கள் கையில் கொடுத்திருப்பதில் தொகையே இல்லை. அது வெறும் ராஜினாமா.

அடுத்து காண்ட்ராக்டர் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். 'இதே இடம், இதே இயந்திரம்' என்று கேட்டதும் ஒன்றும் மாறவில்லை என்று தோன்றும். ஆனால் சம்பளம் கொடுக்கும் முதலாளி மாறுகிறார், உங்கள் சேவைக்காலம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஆறு மாதம் கழித்து காண்ட்ராக்டர் உங்களை அனுப்பிவிட்டால் நஷ்டஈடு ஒரு சென்கூட இல்லை, ஏனென்றால் அதற்கே குறைந்தது 12 மாதத் தொடர் சேவை வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. எச்.ஆர். அதிகாரி அதைத்தான் அரைகுறையாகச் சொல்லி உங்களைக் குழப்பக்கூடும். வேலை முடிப்பு நஷ்டஈட்டைப் பற்றிய 1980ஆம் ஆண்டு விதிமுறைகளில், தொழிலின் உரிமையே கைமாறும்போது என்ன ஆகும் என்று தனியாக ஒரு விதி இருக்கிறது. கம்பெனியையோ அதன் ஒரு பகுதியையோ இன்னொருவர் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கைமாறிய ஏழு நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத நிபந்தனைகளில் உங்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதாகப் புதிய உரிமையாளர் சொல்கிறார். தகுந்த காரணமில்லாமல் நீங்கள் மறுத்தால் நஷ்டஈடு கிடையாது. ஏற்றுக்கொண்டால் பழைய வருடங்கள் அறுபடாமல் தொடரும். புதியவர் அப்படிச் சொல்லவே இல்லையென்றால் பழைய முதலாளிதான் நஷ்டஈடு தரவேண்டும். ஆக, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உரிமை கைமாறுகிறதா, அல்லது ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் மட்டும் உள்ளே வருகிறாரா? உரிமை மாறுகிறது என்றால் உங்களிடம் ராஜினாமா கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ராஜினாமா கேட்கிறார்கள் என்பதே இது அந்த விதிவிலக்கு இல்லை என்று காட்டுகிறது. உண்மையிலேயே உங்களைத் தொடர வைக்கப் போகிறார்கள் என்றால், '11 ஆண்டு 6 மாதச் சேவை அங்கீகரிக்கப்படும்' என்று காண்ட்ராக்டரின் கடிதத்தாளில் எழுதித் தரட்டும். தரமாட்டார்கள், பாருங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாதவர்களுக்கு இந்த நஷ்டஈடு சட்டப்படி உண்டு. ஐந்து வருடமோ அதற்கு மேலோ சேவை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். உங்களுக்கு 230 நாள் வருகிறது. ஆனால் ஒரு நாள் சம்பளம் என்ன என்பதில்தான் அந்த ஏஜெண்ட் விளையாடியிருக்கிறார். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 230ஆல் பெருக்கி, 28,300 என்று கண்ணுக்குக் காட்டிவிட்டார். 26 என்பது ஓவர்டைமுக்கும் விடுமுறைச் சம்பளத்துக்கும் உள்ள கணக்கு. இந்த நஷ்டஈட்டுக்குக் கடைசி 12 மாதச் சம்பளத்தின் உண்மையான நாள் சராசரியைப் பார்க்க வேண்டும்: 38,400ஐ 365ஆல் வகுத்தால் 105 ரிங்கிட் 20 சென். 230 நாளுக்கு ஏறக்குறைய 24,200. போனஸ் இதில் சேராது. இந்தத் தொகை வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கைக்கு வரவேண்டும். இதற்கு மேல் எட்டு வார நோட்டீஸ். 'நாளை முதல் வராதே' என்றால் அந்த எட்டு வாரச் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வேலை இழப்பு நஷ்டஈட்டில் முழுதாக முடிந்த ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் 10,000 ரிங்கிட் வரிவிலக்கு உண்டு, அதனால் வருமான வரி பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அந்த ஏஜெண்ட் கேட்கும் 15 விழுக்காட்டை அவருடைய 28,300க்கே கணக்குப் போட்டால் 4,245 ரிங்கிட். அதற்கு அவர் செய்யப்போகும் வேலை என்ன? தொழிலாளர் இலாகாவில் நீங்களே கட்டணமில்லாமல் கொடுக்கக்கூடிய ஒரு புகாரை உங்கள் பெயரில் கொடுப்பார். அவ்வளவுதான். தொழிலாளர் இலாகாவில் வழக்கறிஞர் இல்லாமலே உங்கள் வழக்கை விசாரிப்பார்கள். அநியாயமாக நீக்கிவிட்டார்கள் என்று தொழிலியல் உறவு இலாகாவில் முறையிடவும் பணம் கிடையாது. இந்த ஏஜெண்டுகள் முதலில் வாங்குவது உங்கள் அடையாள அட்டை நகலையும், தொகை எழுதாத ஓர் அதிகாரப் பத்திரத்தையும். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பணம் உங்கள் கணக்குக்கு வருமா, அவர் கணக்குக்குப் போகுமா என்பதை அவர்தான் முடிவு செய்வார். சேமநிதியை 'சீக்கிரம் எடுத்துத் தருகிறேன்' என்று வருபவர்களும் இதே கூட்டம்தான். வேலை போய்விட்டது என்பதற்காக யாரும் சேமநிதி முழுவதையும் எடுத்துத் தர முடியாது. காரணம் காட்டாமல் இப்போது உங்களால் எடுக்க முடிந்தது, சேமநிதியின் ஃப்ளெக்சிபல் கணக்கில் இருப்பது மட்டும். அதை உங்கள் கைத்தொலைபேசியிலேயே செய்துவிடலாம்.

இப்படிப்பட்ட ஆட்கள் ஏன் பிழைக்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஆட்குறைப்பு செய்யும் முன் அதைத் தெரிவிக்கும் 'பிகே' பாரத்தை 30 நாளுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். யார் வேலை இழக்கப் போகிறார் என்று அரசாங்கத்துக்கு முன்கூட்டியே தெரியும். தொழிலாளர் இலாகா, பெர்கேசோ, தொழிலியல் உறவு இலாகா மூன்றும் ஒரே மனிதவள அமைச்சின் கீழ்தான் இருக்கின்றன. பிறகு ஏன் ஒரு தொழிலாளி ஒவ்வோர் அலுவலகத்திலும் புதிதாக அடையாள அட்டை நகலும் சம்பள சிலிப்பும் கொடுத்து, தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்? ஷிப்ட் வேலை செய்கிறவன் எத்தனை முறை பாலத்தைக் கடந்து அலுவலக நேரத்தில் வந்து நிற்பான்? அந்த அலைச்சலைக் காட்டித்தான் ஏஜெண்ட் காசு பார்க்கிறார். நமக்குப் பல வருடமாக இது தெரியும், அமைச்சுக்கும் தெரியும்.

பெர்கேசோ விஷயத்தில் ஒரு தேதி முக்கியம். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொழிலியல் உறவு இலாகாவில் முறையிடவும் அதே 60 நாள்தான். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. 'நஷ்டஈட்டுப் பணம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று இருந்து இரண்டையும் கோட்டைவிட்டவர்கள் நிறைய. நஷ்டஈடு வாங்கினாலும் காப்புறுதிப் பணம் வாங்கலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, உங்களுக்கு ஏறக்குறைய 2,500 ரிங்கிட். பிறகு படிப்படியாகக் குறையும். அதற்குள் வேலை கிடைத்துவிட்டால் மீதியில் ஒரு பகுதியும் கிடைக்கும். பெர்கேசோவின் வேலைவாய்ப்புத் தளமான மைஃபியூச்சர்ஜாப்ஸில் பதிந்து, வேலை தேடுவதைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் பிரிவில் இதே வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால், அவர்களை நிறுத்திய பிறகே உள்நாட்டவரை நிறுத்த வேண்டும் என்று வேலைச் சட்டம் சொல்கிறது. உள்நாட்டவருக்குள் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போகவேண்டும் என்பது வழக்கம். உங்களுக்குப் பின் வந்தவர்கள் யார் யார் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ராணுவத்தில் இருந்த 12 வருடம் இந்த நஷ்டஈட்டில் சேராது. ஒரே முதலாளியிடம் செய்த தொடர் சேவை மட்டும்தான் கணக்கு. சாதாரணப் படைவீரருக்கு ஓய்வூதியத்துக்கு 21 ஆண்டு சேவை வேண்டும், அதனால் அந்த வாசலும் இல்லை. ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறுகிறவருக்கு ராணுவச் சேமநிதியான எல்டிஏடியில் தன் பங்கோடு அரசாங்கத்தின் பங்கும் உண்டு. நீங்கள் இரண்டையும் வாங்கிவிட்டீர்களா என்று பழைய கடிதங்களை எடுத்துப் பாருங்கள்.

ஆனால் வேலை தேடும்போது அந்த 12 வருடத்துக்கு மதிப்பு இருக்கிறது. இதைத்தான் நம் பையன்கள் வீணடிக்கிறார்கள். வாகனம் பழுது பார்த்தவன் வெளியே வந்ததும் காவலாளி வேலைக்குப் போய்விடுகிறான், ஏனென்றால் கையில் சான்றிதழ் இல்லை. திறன் மேம்பாட்டு இலாகாவில் பிபிடி, அதாவது முன் அனுபவத்தை அங்கீகரிப்பது, என்று ஒரு வழி இருக்கிறது. அனுபவத்தை வைத்தே எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம், மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. நீங்கள் செய்த வேலைகளின் ஆதாரத்தைக் கோப்பாகத் தொகுக்க வேண்டும்: ராணுவத்தில் பெற்ற பயிற்சிச் சான்றிதழ்கள், பணியிலிருந்து விடுவித்த கடிதம், தொழிற்சாலையில் நீங்கள் கையெழுத்திட்ட பராமரிப்புப் பதிவுகளின் நகல், இயந்திரத்தோடு வேலை செய்யும் படங்கள். மதிப்பீட்டாளர் உட்கார்ந்து கேள்வி கேட்பார். வேலை தெரிந்தவன் பயப்பட வேண்டாம். கம்பெனிக் கதவு மூடுவதற்கு முன், மேற்பார்வையாளரிடம் கேட்டு இந்த ஆதாரங்களை அனுமதியோடு வாங்கிவிடுங்கள். வெளியே வந்த பிறகு வாங்க முடியாது. 'வரவே வேண்டாம், மூன்று நாளில் எஸ்கேஎம்' என்று ஃபேஸ்புக்கில் வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். அது போலிச் சான்றிதழ், மாட்டினால் போலீஸ் வழக்கு.

43 வயது பெரிய தடையே இல்லை. பராமரிப்பு அனுபவம் உள்ளவருக்கு நான் முதலில் சொல்வது எரிசக்தி ஆணையத்தின் சார்ஜ்மன் தகுதி, அதாவது மின்சார அமைப்புகளுக்குப் பொறுப்பாளராக இருக்கும் தகுதி. பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் தொழிற்சாலைகளுக்குச் சார்ஜ்மன் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது, வேலையிடப் பாதுகாப்பு. 2024 ஜூன் 1 முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமித்தாக வேண்டும். ராணுவ ஒழுங்கில் பழகியவர்களுக்குப் பொருத்தமான வேலை இது. பெர்கேசோவில் விண்ணப்பிக்கும்போதே பயிற்சிக்கும் சேர்த்துக் கேளுங்கள். முன்னாள் வீரர்களுக்குப் பயிற்சி தரும் பெர்ஹெபாட் அமைப்பிடமும் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள், அவர்கள் தலைமையகம் சுங்கை பூலோவில் இருக்கிறது.

காவலாளி வேலைதான் உடனே கிடைக்கிறது என்றால், மூன்று விஷயம் பார்த்துவிட்டுச் சேருங்கள். அந்தக் கம்பெனிக்கு உள்துறை அமைச்சின் உரிமம் இருக்கிறதா? அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட்டுக்குக் குறையாமல் தனியாக எழுதியிருக்கிறதா, அல்லது 12 மணி நேர ஷிப்டையும் உள்ளே அடக்கிய மொத்தத் தொகையா? வாரத்தில் 45 மணிக்கு மேல் போகும் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு தருகிறார்களா? யூனிஃபார்முக்கு, 'பதிவுக்கு' என்று முன்பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வரும் திங்களன்றே அந்த மின்னஞ்சலை எச்.ஆர். பிரிவுக்கு அனுப்புங்கள். பதில் எழுத்தில் வரவில்லை, அல்லது மறுபடி அறைக்குள் கூப்பிட்டு அதே கடிதத்தை நீட்டுகிறார்கள் என்றால், மின்னஞ்சல் நகல், வேலை ஒப்பந்தம், கடைசி 12 மாதச் சம்பள சிலிப் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நேராகத் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். வீட்டு, கார் தவணை தடுமாறும் என்று தோன்றினால், ஒரு மாதம் தவறுவதற்கு முன்பே ஏகேபிகேவுக்குப் போய்விடுங்கள். பேங்க் நெகாராவின் அந்த அமைப்பு இலவசமாக வங்கியோடு பேசித் தவணையை மாற்றி அமைத்துத் தரும். நஷ்டஈட்டுப் பணம் வரும்வரை வட்டிக்காரனிடம் மட்டும் கை நீட்டாதீர்கள்.