வளரும் பிள்ளைகளின் எடை: வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்மாதம் வந்த மூன்று கேள்விகள்.

மகள் படிவம் 3. வயது 15, உயரம் 156 செ.மீ., எடை 56 கிலோ. கைப்பேசியில் ஏதோ அட்டவணையைப் பார்த்துவிட்டு, "நான் குண்டு" என்று பசியாறுவதையே விட்டுவிட்டாள். காலையில் எலுமிச்சைச் சாறு மட்டும். சோறு தொடுவதில்லை. இரவு பத்து மணிக்கு இரண்டு பாக்கெட் மெகி. பள்ளிச் சபைகூடலில் இருமுறை மயங்கி விழுந்தாள். கேட்டால் அழுகிறாள்.

அம்மா, அந்த அட்டவணை பெரியவர்களுக்கானது. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இருமுறை வகுத்தால் உங்கள் மகளுக்கு 23 வரும். இதுதான் பி.எம்.ஐ. என்னும் உடல் எடைக் குறியீடு. பெரியவர்களுக்கு நம் நாட்டில் 23 தொட்டாலே அதிக எடை. 19 வயது வரை கணக்கு வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரைபடப்படி 15 வயதுப் பெண்ணுக்கு 23.5ஐத் தாண்டினால்தான் அதிக எடை. உங்கள் மகள் குண்டு இல்லை. பூப்படைந்த பின் இடுப்பிலும் தொடையிலும் சதை பிடிப்பது வளர்ச்சி. இதை அவளிடம் எண்ணோடு காட்டிச் சொல்லுங்கள்.

சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் எடைக் கருவியின் முள் இறங்கும். இறங்குவது பெரும்பாலும் கொழுப்பு அல்ல. ஈரலிலும் தசையிலும் சேமித்திருந்த மாவுச்சத்தும் அதோடு பிணைந்த நீரும்தான். மறுபடி சோறு சாப்பிட்டதும் அது திரும்பும். பிள்ளையோ "ஒரு வாய் சாப்பிட்டாலே ஏறுகிறது" என்று பயந்து இன்னும் குறைப்பாள். இரவு மெகிக்காக அவளைத் திட்டாதீர்கள். பகலெல்லாம் கிடைக்காததை உடல் இரவில் கேட்டு வாங்குகிறது.

மயங்கி விழுந்திருப்பதால் இந்த வாரமே கிளினிக்குக் கூட்டிப் போங்கள். இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிலக்கு மூன்று மாதம் வராமலிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சாப்பிட்டவுடன் கழிவறைக்குப் போய் வாந்தி எடுப்பதாகச் சந்தேகம் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமும் பேசுங்கள்.

காலையில் பசியாற, முதல் வாரம் ஒரு தோசையும் ஓர் அவித்த முட்டையும் போதும். பிறகு இரண்டு தோசை, சாம்பார். மதியத் தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), பாதி காய்கறியும் பழமும். முருங்கைக்கீரையோ கங்குங் எனும் வள்ளைக்கீரையோ வைக்கும் நாளில் கூடவே கொய்யா கொடுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடலில் சேரும். தேத்தண்ணி அதைத் தடுக்கும், ஆகவே சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். மாலை ஐந்து மணிக்கு ஒரு கிண்ணம் அவித்த கடலை கொடுத்தால் பத்து மணிப் பசி தணியும்.

எடை பார்க்கும் கருவியை எடுத்து வையுங்கள். கல்யாண வீட்டில் "என்ன இப்படி ஊதிட்டே?" என்று கேட்கும் சொந்தங்களை அவள் முன்பாகவே தடுத்து நிறுத்துங்கள். இது தாய் தகப்பன் செய்ய வேண்டிய வேலை.

மகனுக்கு 14 வயது, 160 செ.மீ., 82 கிலோ. பின்கழுத்து கறுத்துத் தடித்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. ஒருவேளை உணவை நிறுத்தலாமா?

ஐயா, தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். அது அழுக்கு அல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடல் அதை அதிகமாகச் சுரக்கிறது. அந்த மிகுதிதான் தோலைக் கறுக்கவும் தடிக்கவும் வைக்கிறது. எட்டு மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு இரத்தச் சீனி பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மகனின் பி.எம்.ஐ. 32. இது உடல் பருமன்தான். ஆனாலும் பட்டினி வேண்டாம், அவன் இன்னும் வளர்வான். 82 கிலோவிலேயே நின்று உயரம் 168 ஆனால் 32 என்பது 29 ஆகிவிடும். அதற்கு மேல் எடையை இறக்குவதா என்பதை மருத்துவரும் உணவு ஆலோசகரும் முடிவு செய்யட்டும்.

முதலில் கை வைக்க வேண்டியது பானத்தில். டின்னில் 100 மி.லி.க்கு 10 கிராம் சீனி என்று இருந்தால், 325 மி.லி. டின்னில் ஆறரைத் தேக்கரண்டி. ஆற்றிய பால் தேத்தண்ணியான தே தாரிக்கில் கட்டிப்பாலிலேயே சீனி அதிகம். ஒரு வாரம் "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக), பிறகு "தே ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி) கேட்கப் பழகட்டும். வீட்டில் சிராப் போத்தலே வேண்டாம், யாருக்கும். அவனுக்கு மட்டும் தடை போட்டுவிட்டு மற்றவர்கள் அவன் எதிரே குடித்தால், கடைக்குப் போய் ஒளித்துக் குடிப்பான். தினம் 60 நிமிடம் உடல் அசைய வேண்டும். திடலில் பந்து, பூப்பந்து, சைக்கிள் எதுவானாலும் சரி. பிரித்துச் செய்தாலும் கணக்கு ஒன்றே. தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் மறுநாள் பசி கூடும்.

படிவம் 5 மாணவி நான். இரவுச் சந்தையில் விற்கும் மெலிவுக் காப்பி குடிக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. இப்படிப்பட்ட காப்பிகளில் சிபுட்ராமின் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும் மருந்து அது. 2010இல் பல நாடுகள் சந்தையிலிருந்து நீக்கின. இங்கே முறைப்படி பதிவான மருந்தில் "மால்" (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். காப்பியை உணவாக விற்பதால் அந்த எண்ணும் இருக்காது, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. ஏற்கெனவே குடித்து வாய் உலர்வு, படபடப்பு, தூக்கமின்மை இருந்தால் உடனே நிறுத்திவிட்டு, மிச்சமிருக்கும் பாக்கெட்டை எறியாமல் கிளினிக்குக் கொண்டுபோய்க் காட்டு.