வரி ஏய்ப்பு வழக்கில் கைதானால் திருகோணமலையில் பிணை எடுப்பது எப்படி?

கடைக் கணக்கில் வரி ஏய்த்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் உங்கள் அண்ணாவுக்குப் பிணை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பொலிஸ் அறிக்கையில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்று சட்டத்தரணியைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது.

1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டப்படி பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு. தலைமறைவாவார், சாட்சிகளைக் குழப்புவார், பிணையில் இருந்தபடி மீண்டும் குற்றம் செய்வார், பொதுமக்களிடையே குழப்பம் எழும் என்பவையே மறுப்பதற்கான முக்கிய காரணங்கள். ஏய்த்த தொகை பெரிது என்பது ஒரு தனிக் காரணமாக இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வேறு சட்டம் பிணைக்குத் தனி ஏற்பாடு வைத்திருந்தால் இந்தச் சட்டம் விலகி நிற்கும். அரச சொத்துக்கு எதிரான குற்றங்களுக்கான 1982 ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டத்தையும் சேர்த்து அறிக்கை போட்டால் நிலைமை வேறு: அந்தச் சட்டம் கேட்கும் உயர் பொலிஸ் அதிகாரியின் சான்றிதழ் வந்துவிட்டால், விசேட காரணம் காட்டாமல் நீதவானிடம் பிணை எதிர்பார்க்க முடியாது. ‘விசேட காரணம்’ என்பதில் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழுவது பெரும்பாலும் எடுபடாது.

நீதவான் மறுத்தால் திருகோணமலை மேல் நீதிமன்றத்திற்குப் போகலாம். மறுப்புக்கான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். கட்டளையின் பிரதியை உடனே கேளுங்கள்.

பிணை கிடைத்த அன்றே பலர் தடுமாறுவது சரீரப் பிணையாளர்களால், அதாவது கைதானவருக்காக நீதிமன்றத்தில் பொறுப்பேற்றுக் கையொப்பமிடுபவர்களால்தான். அடையாள அட்டையும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழும் அவர்கள் கையில் இல்லாவிட்டால், கட்டளை இருந்தும் ஆள் விளக்கமறியலில்தான். வெள்ளிக்கிழமை என்றால் திங்கள் வரை.