மருத்துவர் பதில்கள்: விமானத்தில் எதை, எப்போது சாப்பிடுவது?

கேள்வி: எனக்கு வயது 63. மகளின் பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து துபாய் வழியாகச் சான் பிரான்சிஸ்கோ செல்லவிருக்கிறேன். சர்க்கரை நோய்க்குக் காலையும் இரவும் மெட்ஃபார்மின், காலையில் மட்டும் கிளிமிப்ரைடு எடுத்துக்கொள்கிறேன். நான் சைவம். வழியில் எந்த ஊர் நேரப்படி சாப்பிட்டு மாத்திரை போடுவது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மேற்கு நோக்கிப் பறப்பவர்களுக்கு நாள் நீண்டுகொண்டே போகும். திங்கட்கிழமை விடியற்காலை 4 மணிக்குச் சென்னையில் விமானம் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். துபாயில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 24 மணி நேரம் கழித்து நீங்கள் இறங்கும்போது, அது கோடைக்காலமாக இருந்தால், அங்கே அதே திங்கட்கிழமை பிற்பகல் 3.30 மணிதான் ஆகியிருக்கும். எனவே ஊருக்கு ஊர் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டு, ‘இப்போது இரவா, காலையா’ என்று குழம்ப வேண்டாம். மகள் வீடு போய்ச் சேரும்வரை கைக்கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டட்டும். காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் அதைப் பார்த்தே போட்டுக்கொள்ளுங்கள்.

சிக்கல் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. அங்குள்ள நேரம் நம்முடையதைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் (குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம்) பின்தங்கியது என்பதால், நம் காலை 8 மணி அவர்களுக்கு முந்தைய நாள் இரவு 7.30. இரு வேளையும் போடும் மெட்ஃபார்மினுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. இங்கே காலையில் போட வேண்டியது அங்கே இரவுச் சாப்பாட்டோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் காலையில் மட்டும் போடும் கிளிமிப்ரைடை அங்குள்ள மறுநாள் காலைக்குத் தள்ளினால், இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே ஒன்றரை நாள் இடைவெளி விழுந்துவிடும். முதல் நாள் இரவே போட்டுவிட்டால், பயணக் களைப்பில் சரியாகச் சாப்பிடாமல் தூங்கும்போது சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். அந்த ஒரு நாளுக்கு என்ன செய்வது என்பதை, உங்கள் சர்க்கரை அளவுகளைப் பார்த்துவரும் மருத்துவரிடம் கிளம்புவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விமானத்துக்குள் ஒரு கண்டிப்பான விதி உண்டு. உணவுத் தட்டு உங்கள் முன்னால் வந்து, மூடியைத் திறந்து, அதில் நீங்கள் சாப்பிடக்கூடியது இருக்கிறது என்று உறுதியான பிறகே கிளிமிப்ரைடை விழுங்க வேண்டும். வண்டி நான்கு வரிசை முன்னால் வந்துவிட்டதே என்று மாத்திரையைப் போட்டுக்கொள்வீர்கள். அந்த நேரம் பார்த்து விமானம் குலுங்கத் தொடங்கும், பணியாளர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்த் தாங்களும் இருக்கையில் அமர்ந்துவிடுவார்கள், உணவு வர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும், அதற்குள் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து அரிது. கிளிமிப்ரைடும் இன்சுலினும் அப்படியல்ல.

உணவைப் பொறுத்தவரை, விமான நிறுவனத்தையே முழுக்க நம்பியிருப்பதை நான் ஆதரிப்பதில்லை. பயணச்சீட்டில் ‘நீரிழிவு உணவு’ என்று குறித்தால் அதில் கோழியோ மீனோ வரக்கூடும். ‘இந்து உணவு’ என்ற பெயரைப் பார்த்து அது சைவம் என்று நம்பிவிடுகிறார்கள்; பல நிறுவனங்களில் அது அசைவம், மாட்டிறைச்சி மட்டும் இருக்காது. ‘ஏசியன் வெஜிடேரியன்’ என்பதே நமக்குப் பழக்கமான சைவச் சமையலுக்கு நெருக்கமானது. கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பாவது, இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியாக அதைப் பதிவு செய்யுங்கள். வந்த தட்டில் சோறு, ரொட்டி, இனிப்பு என்று மூன்று மாவுப்பொருள்கள் இருக்கும். ஒன்றை மட்டும் சாப்பிட்டு, காய்கறியையும் தயிரையும் முழுமையாக உண்ணலாம்.

வீட்டிலிருந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நான்கைந்து கொண்டுபோனால், துபாய் போய்ச் சேர்வதற்குள் முதல் வேளையை அதில் முடித்துவிடலாம். அதற்கு மேல் வைத்திருந்தால் புளித்துவிடும். அடுத்து வருவது ஏறக்குறைய 16 மணி நேரப் பறப்பு. பெரும்பாலும் கிளம்பியதும் ஒரு சாப்பாடு, இறங்குமுன் ஒரு சாப்பாடு, நடுவே சிறு தீனி என்றே தருவார்கள் என்பதால், வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் கைப்பையில் இருக்கட்டும். சர்க்கரை தாழ்ந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ள நாலு மிட்டாய்களும் வேண்டும். மாத்திரைகள், சர்க்கரை பார்க்கும் கருவி, ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச்சீட்டு எல்லாம் கைப்பையிலேயே இருக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் அதைப் பெட்டியில் போட்டு அனுப்பினால் சரக்கறைக் குளிரில் உறைந்து பயனற்றுப் போகலாம்.

கேள்வி: லண்டனுக்குப் பறக்கும்போதெல்லாம் வயிறு உப்பிக்கொள்கிறது. விமானச் சாப்பாடுதான் காரணமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பாதிக் காரணம் காற்றழுத்தம். விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்கு உரியதாகவே வைக்கப்படுகிறது. அதாவது, நீங்கள் பத்து மணி நேரத்துக்கு மேல் ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அழுத்தம் குறைந்தால் வாயு விரியும் என்பதால், குடலில் உள்ள வாயுவின் கன அளவு கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடுகிறது. இதோடு சோடா, பியர், முந்தைய நாள் சாப்பிட்ட ராஜ்மா, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ் எல்லாம் சேர்ந்தால் வயிறு உப்பத்தான் செய்யும். கிளம்பும் நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் இட்லி, இடியாப்பம், ரசம் சோறு, மோர் என்று எளிமையாகச் சாப்பிடுங்கள். விமானத்தில் கொடுப்பதில் பாதி போதும்.

வறண்ட காற்றும் எஞ்சின் இரைச்சலும் நாக்கின் உப்பு, இனிப்பு உணர்வை மங்கச் செய்வதால், விமானச் சமையலில் உப்பு சற்றுத் தூக்கலாகவே இருக்கும். ‘சப்பென்று இருக்கிறது’ என்று உறையைக் கிழித்து மேலும் உப்பைத் தூவிக்கொள்வது, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு நல்லதல்ல. மிளகுத்தூள் தூவிக்கொள்ளலாம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குக் கறிவேப்பிலை, ஊறுகாய், பொடி வகைகள் கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பச்சைக் கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் அங்கே பிடுங்கிவிடுவார்கள். எண்ணெய் ஊறுகாயைக் கைப்பையில் விடமாட்டார்கள். கசியாமல் கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். பருப்புப்பொடி, இட்லிப்பொடி போன்றவற்றைக் கொண்டுபோகலாம், ஆனால் உணவுப்பொருள் எதுவாக இருந்தாலும் சுங்கச் சோதனையில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அபராதம் விதிப்பது சொல்லாமல் கொண்டுபோவதற்குத்தான். குருமாவுக்கென்று கசகசா கட்டித் தருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். துபாய் வழியாகப் போகும் பெட்டியில் அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கழிப்பறைக்கு அடிக்கடி எழுந்திருக்க வேண்டுமே என்று நான் விமானத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. இறங்கும்போது கால் வீங்கிவிடுகிறது.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: விமானக் காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதமே என்பதால் தொண்டையும் கண்ணும் தோலும் வறளும். கால் வீங்குவதற்கு முதன்மைக் காரணம் தொடர்ந்து உட்கார்ந்திருப்பது. தண்ணீர் குடித்து, அதற்காகவே மணிக்கொரு முறை எழுந்து நடப்பது இரண்டுக்கும் நல்லது. ஓர இருக்கையைக் கேட்டு வாங்கினால் பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யும் கூச்சம் இருக்காது. வெறும் பாட்டிலைக் கொண்டுபோய், பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு நிரப்பிக்கொள்ளுங்கள். இரண்டு காலும் ஒன்றுபோல் வீங்கினால் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியோ சூடோ இருந்தால், அது இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.