ஏரிய பாக்கணுமா, பாஸ்கெட்ட பாக்கணுமா: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

டிஸ்க் கோல்ஃப், அதான் பிளாஸ்டிக் தட்ட வீசி வீசி செயின் தொங்கற பாஸ்கெட்டுக்குள்ள போடற ஆட்டம், அத ஆட ஆரம்பிச்சத பத்தி நீங்க முன்னாடி ஒரு தடவ எழுதியிருந்தீங்க, அந்த தைரியத்துல இத எழுதறேன். நான் அமெரிக்காவுல ஒரு யூனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் பண்றேன். கேம்பஸ் பின்பக்கம் 18 ஹோல் கோர்ஸ் ஒண்ணு இருக்கு, ஹோலுக்கு ஒரு பாஸ்கெட், பாதி பைன் மரக்காடு, பாதி ஏரிக்கரை. போன செமஸ்டர்ல லேப்ல கூட இருக்கற பொண்ணு ஒருத்தி கூட்டிட்டு போனா, இப்ப நானே தனியா வாரத்துக்கு ரெண்டு நாள் போயிடறேன்.

பிரச்சனை என்னன்னா எனக்கு அந்த இடம் புடிச்சிருக்கா, ஆட்டம் புடிச்சிருக்கான்னே தெரியல. ஏழாவது ஹோல் டீ பேட்ல, அதான் மொத வீச்சு வீசற எடத்துல, நின்னா ஏரி முழுசா தெரியும். சாயங்காலம் அந்த வெளிச்சத்துல டிஸ்க்க கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுடறேன். பின்னாடி வர்றவங்க காத்துக்கிட்டு இருக்காங்க, ஒண்ணும் சொல்றதில்ல, ஆனா எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுது. அவசரத்துல வீசறேன், நேரா தண்ணிக்குள்ள போகுது. இதுவரைக்கும் மூணு டிஸ்க் போச்சு. ரூம்மேட் கேக்கறா, நடக்கணும்னா சும்மா நடந்துட்டு வரலாமே, எதுக்கு ஒரு தட்ட வீசிட்டு அது பின்னாடியே போறன்னு. பதில் சொல்லத் தெரியல. அழகப் பாக்கறதுக்கு இந்த ஆட்டம் ஒரு சாக்குதானா அக்கா? அடுத்து எந்த டிஸ்க் வாங்கறதுன்னும் சொல்லுங்க.

பேர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் ரூம்மேட் கேட்டதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா அதே கேள்விய என்னையும் நெறைய பேர் கேட்டிருக்காங்க.

நான் வேல பாத்த கேம்பஸ்ல நூலகத்துக்குப் பின்னாடி ஒரு ஓக் மரச்சரிவு இருக்கும். நாலு வருஷம் தினமும் மத்தியானம் அந்த வழியாத்தான் நடந்தேன், கேட்டா நல்ல இடம், அமைதியான இடம்னு சொல்லியிருப்பேன், அவ்வளவுதான் தெரியும். அப்புறம் அங்க டிஸ்க் ஆட ஆரம்பிச்ச மொத வாரம், பாஸ்கெட்டுக்கு ரொம்ப கிட்டத்துலேர்ந்து போட்ட ஒரு புட் செயின்ல படாம தாண்டிப் போயி, விளிம்புல நின்னு, சக்கரம் மாதிரி உருண்டு உருண்டு அறுபது அடி கீழ போயி ஒரு வேர்ல முட்டி நின்னுது. நாலு வருஷம் நடந்த தரை இடது பக்கமா சாயுதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. காலுக்குத் தெரிஞ்சிருக்கும், கண்ணுக்குத் தெரியல. அதுக்கப்புறம் அந்த மரத்துல தாழ்ந்த கிளை எது, எந்த மாசம் இலை அடர்த்தியாகி டிஸ்க் போற இடைவெளிய மூடும், மழைக்கு அப்புறம் எந்தப் பக்கம் சதசதன்னு இருக்கும் எல்லாமே மனப்பாடம். சும்மா நடந்தா இதெல்லாம் பாக்க மாட்டியான்னா, பாக்கலாம், கவிஞர்கள் பாப்பாங்க, நான் பாக்கல. கையில டிஸ்க் இருந்ததாலதான் பாத்தேன். அதனால சாக்குங்கற வார்த்தைய நான் ஒத்துக்க மாட்டேன்மா. நீ ஏழாவது ஹோல்ல நின்னு ஏரிய பாக்கறல்ல, அதுவும் ஆட்டம்தான். ஆனா இன்னும் கொஞ்சம் கிட்டக்க பாக்கணும், அத சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

டீ பேட் பெரும்பாலும் மர நிழல்லதான் இருக்கும், அங்க காத்தே இல்லாத மாதிரி தோணும். ஏரிக்கு மேல அப்படி இல்ல, தடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாததால காத்து அது பாட்டுக்கு ஓடும், உன் டிஸ்க் மரத்த தாண்டி வெளிய வந்த அந்த நிமிஷம் அதுல போய் மாட்டும். எதிர்காத்துன்னா டிஸ்க்க தூக்கும், வலது கை பேக்ஹேண்ட், அதாவது கைய உடம்புக்குக் குறுக்க கொண்டு போய் வீசறவங்களுக்கு, வலது பக்கமா திருப்பும். பின்காத்துன்னா நேர் மாறா கீழ அமுக்கிடும், சீக்கிரமா இறங்கி இடது பக்கம் வளைஞ்சிடும். இத தெரிஞ்சுக்க கருவி எதுவும் வேணாம், தண்ணியப் பாத்தா போதும். சிலுசிலுன்னு சின்ன அலை எந்தப் பக்கம் ஓடுது, கரையோர நாணல் எந்தப் பக்கம் சாயுது, நடு ஏரில கண்ணாடி மாதிரி இருக்கற எடம் எங்க முடியுதுன்னு பாரு. நீ ரசிச்சிக்கிட்டு நின்ன அதே வெளிச்சத்துலதான் இதெல்லாம் எழுதியிருக்கு, நீ பாத்துக்கிட்டுதான் இருந்த, படிக்கல.

ஏரி எந்தப் பக்கம்னு நீ எழுதல, ஆனா இடது பக்கமாத்தான் இருக்கும்னு நினைக்கறேன். வலது கைக்காரங்க பேக்ஹேண்ட் வீசினா வேகம் கொறையறப்ப டிஸ்க் கடைசில இடது பக்கம் விழும், அதுதான் ஃபேட். அவசரப்பட்டு வீசறப்ப என்ன ஆகுதுன்னா கை டிஸ்க்கோட மூக்க, அதாவது முன் விளிம்ப, மேல தூக்கிடுது, மூக்கு தூக்கினா டிஸ்க் பாதி தூரத்துலயே மேல ஏறி நின்னுபோய் இடது பக்கமா சரிஞ்சிடும். அதுலயும் நீ வேகமான டிரைவர, அதாவது ரொம்ப தூரம் வீசறதுக்கான டிஸ்க்க, வச்சு வீசற போல இருக்கு, ஆரம்பத்துல எல்லாரும் பண்றதுதான், தூரம் போகும்னு நினைச்சு. டிரைவருக்குத் தேவையான வேகத்த கை குடுக்கலன்னா அது பறக்கறதுக்கு முன்னாடியே ஃபேட் ஆகும். மூணு டிஸ்க்கும் உன் ரசனையால தண்ணிக்குள்ள போகல, பின்னாடி நிக்கிறவங்கள நினைச்சு நீ பட்ட அவசரத்தாலதான் போச்சு.

பின்னாடி நிக்கிறவங்க விஷயத்துக்கு வழி ரொம்ப சுலபம், ஆனா புதுசா வர்றவங்களுக்கு யாரும் சொல்லித் தர்றதில்ல. ரெண்டு மூணு பேர் வேகமா வர்றாங்கன்னா டீ பேட்டுக்கு வெளிய வந்து நின்னு, நீங்க முன்னாடி போங்கன்னு கை காட்டிடு. இந்த ஆட்டத்துல அது ரொம்ப சாதாரணம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, சந்தோஷப்படுவாங்க. அவங்க வீசறத வேற பக்கத்துல நின்னு பாக்கலாம், காத்து என்ன பண்ணுதுன்னு உனக்கு இலவசமா தெரிஞ்சிடும். போட்டின்னா கதை வேற, உன் முறை வந்து எடத்துக்குப் போய்ச் சேந்ததுலேர்ந்து 30 செகண்டுக்குள்ள வீசணும், தொலைஞ்ச டிஸ்க்க தேட 3 நிமிஷம்தான். நீ சாயங்காலம் தனியா போற ஆள், அவங்க போனப்புறம் ஏரி உனக்குத்தான்.

நிக்கறதுல தப்பே இல்லன்னு ரூல் புத்தகமே ஒரு வகைல சொல்லுதுன்னு எனக்குத் தோணும். பாஸ்கெட்லேர்ந்து 10 மீட்டர் வட்டத்துக்குள்ள புட் போட்டா, கைய விட்டு டிஸ்க் போன உடனே முன்னாடி ஓடிடக்கூடாது, நின்ன எடத்துல நிலையா நின்னு காட்டிட்டுத்தான் நகரணும். அந்த ஒரு செகண்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டிஸ்க் செயின்ல போய் கலகலன்னு விழற சத்தம், அப்புறம் கீழ கூடைல உக்கார்ற டொக்குங்கற சத்தம், அதுக்கப்புறம் செயின் மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கிட்டு இருக்கும், நீ ஒரு காலத் தூக்கிக்கிட்டு கொக்கு மாதிரி நிக்கற.

கேம்பஸுக்கும் இந்த ஆட்டத்துக்கும் இருக்கற உறவு இன்னிக்கு நேத்து வந்ததில்ல. ஹூஸ்டன்ல ரைஸ் யூனிவர்சிட்டி மாணவங்க 1960கள்லயே மரத்தையே குறியா வச்சு ஃப்ரிஸ்பீ வீசி போட்டி நடத்தியிருக்காங்க, அப்ப செயினும் கிடையாது பாஸ்கெட்டும் கிடையாது. கலிஃபோர்னியாவுல ஓக் குரோவ் பார்க்ல, இந்த ஆட்டத்தோட தந்தைன்னு சொல்ற எட் ஹெட்ரிக் மொத நிரந்தர கோர்ஸ் போட்டது 1975லதான், அங்கயும் மொதல்ல வெறும் கம்பம்தான் குறி. கம்பத்துல பட்டுதா இல்லியான்னு தகராறு, அதுலேர்ந்துதான் செயின் தொங்கவிட்டு டிஸ்க்க பிடிக்கற பாஸ்கெட் வந்துது, 1977ல அதுக்கு பேடண்ட் வாங்கினார். அவர் 2002ல இறந்தப்ப, அவர் ஆசப்பட்டபடியே சாம்பல பிளாஸ்டிக்ல கலந்து டிஸ்க்கா வார்த்தாங்க. மொத தடவ இத கேட்டப்ப கையில இருந்த டிஸ்க்க நான் கொஞ்ச நேரம் கீழயே வைக்கல.

அழகான கோர்ஸ்னா சீரியஸான ஆட்டம் இல்லன்னு ஒரு நெனப்பு உன் கடிதத்துல எங்கயோ ஒளிஞ்சிருக்கு, அதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். சவுத் கரோலைனா ராக் ஹில்ல வின்த்ராப் யூனிவர்சிட்டின்னு ஒண்ணு இருக்கு, அங்க ஒரு ஏரி, அத சுத்தி புல்வெளியும் மரமும். யுனைடெட் ஸ்டேட்ஸ் டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் 1999ல ஆரம்பிச்சது அந்த கேம்பஸ்லதான். போட்டி வர்றப்ப புல்வெளில நீளமா கயிறு கட்டி இதுக்கு வெளிய போனா அவுட்னு கோடு போட்டுடுவாங்க. பதினேழாவது ஹோல் பெரிய தூரமே இல்ல, ஆனா பாஸ்கெட்ட சுத்தி வைக்கோல் கட்டு அடுக்கி ஒரு தீவு மாதிரி பண்ணி வச்சிருப்பாங்க, அதுக்குள்ள டிஸ்க் நிக்கணும். உலகத்துலயே நல்லா ஆடறவங்க அங்க நின்னு கை வேர்க்க யோசிக்கறத நான் வீடியோவுல எத்தன தடவ பாத்திருப்பேன். உக்காந்து போட்டோ எடுக்கற மாதிரி இருக்கற எடம்தான், ஆட்டத்துல இருக்கற கஷ்டமும் அதே தண்ணில, அதே சரிவுலதான் இருக்கு, தனியா வேற எங்கயும் இல்ல.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும், இதுல நான் தப்பு பண்ணியிருக்கேன். கேம்பஸ் கோர்ஸ் நமக்காக மட்டும் போட்ட எடம் கிடையாது. காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ஓடறவங்க, ஃபோன் பேசிக்கிட்டே புல்லுல நடக்கறவங்க, நாம ஃபேர்வேன்னு, டிஸ்க் பறக்கற வழின்னு சொல்ற எடம் அவங்களுக்கு வெறும் புல்வெளி. ஒரு நாள் நான் மேட்டுலேர்ந்து கீழ வீசினேன், அந்தப் பக்கம் பாதை வளைஞ்சு வர்றது எனக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சும் எட்டிப் பாக்கல. ஓடி வந்த ஒரு பொண்ணோட தோளுக்கு ரெண்டடி தள்ளி டிஸ்க் போச்சு. அந்தப் பொண்ணு ஒண்ணுமே சொல்லல, நின்னு திரும்பிப் பாத்துட்டு ஓடிட்டா. நான் அன்னிக்கு மீதி ஹோல் ஆடாம வீட்டுக்கு வந்துட்டேன். நூத்தி எழுவது கிராம் கெட்டி பிளாஸ்டிக், விளிம்பு கூர்மையா இருக்கும், முகத்துல பட்டா என்ன ஆகும்னு நெனச்சுப் பாரு. கண்ணுக்குத் தெரியாத வளைவு இருந்தா நடந்து போய்ப் பாத்துட்டு வந்து வீசு, ஆள் வந்தா அவங்க முழுசா தாண்டற வரைக்கும் நில்லு, கைய விட்டப்புறம் தெரிஞ்சா 'ஃபோர்'னு கத்திடு, கோல்ஃப்ல எச்சரிக்கைக்கு கத்தறது அது, வெக்கப்படாத.

மரத்தையும் அதே மாதிரி பாத்துக்கணும். டீ பேட்டுக்கு நேர் எதிர்ல இருக்கற மரங்களோட பட்டைய கிட்டக்க போய்ப் பாரு, ஆள் உயரத்துல உரிஞ்சு உரிஞ்சு வெள்ளையா தெரியும், அது நாம பண்ணினது. இளம் மரம்னா பட்டு பட்டு செத்தே போயிடும். மரத்தடில எல்லாரும் மிதிச்சு மிதிச்சு மண்ணு இறுகி வேருக்குத் தண்ணி இறங்காது. அதனாலதான் நல்லா பராமரிக்கற கோர்ஸ்ல மரத்தூள் கொட்டுவாங்க, பாஸ்கெட்ட அப்பப்ப வேற எடத்துக்கு மாத்துவாங்க. உங்க கேம்பஸ்ல யாராவது அந்த வேலை செய்யறாங்களான்னு விசாரி, ஒரு சனிக்கிழமை போய் மரத்தூள் கொட்டிட்டு வா, கோர்ஸ் மேல ஒரு தனி உரிமை வந்துடும்.

இப்ப டிஸ்க். டிரைவர் வேணாம், ஒரு ஆறு மாசத்துக்கு அத மறந்துடு. கிட்டத்துலேர்ந்து போடறதுக்கு ஒரு புட்டர், நடுத்தர தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச், ரெண்டு போதும். நெறைய டிஸ்க் மேல நாலு நம்பர் போட்டிருக்கும், வேகம், மிதப்பு, திருப்பம், ஃபேட். மொத நம்பர் அஞ்சுக்கு மேல போகாம பாத்துக்க, கடைசி நம்பர் ஒண்ணோ அதுக்குக் கீழயோ இருக்கணும், உன் கைக்கு அது நேரா பறக்கும். ஏழாவது ஹோல்ல அந்த மிட்ரேஞ்ச வச்சு ஏரிக்கு எதிர்ப்பக்கமா குறி பாரு, கடைசில அதுவா கொஞ்சம் ஏரி பக்கம் வந்து நிக்கும். தூரம் போகல, ரெண்டு த்ரோ அதிகமாகுதுன்னா ஆகட்டும். தண்ணில போனா பெனால்டி ஒரு த்ரோ, எங்க கரைய தாண்டுச்சோ அங்கேர்ந்து ஆடணும், அதுக்கு இது எவ்வளவோ பரவால்ல.

கலர் பாத்து வாங்கு. சிவப்பும் ஆரஞ்சும் எடுக்காத, இலை உதிர்ற காலத்துல அது இலைக்கு அடில புகுந்துச்சுன்னா கண்ணு முன்னாடியே தொலைஞ்சிடும். பளீர்னு பிங்க், இல்ல நல்ல நீலம். பெரும்பாலான டிஸ்க் தண்ணில முங்கிடும், மெதக்கற மாதிரி தனியா விக்கறாங்க, ஏரி ஹோலுக்கு மட்டும் அப்படி ஒண்ணு வச்சுக்கலாம். எடுக்கறேன்னு தனியா தண்ணிக்குள்ள மட்டும் இறங்கிடாத, சேறு எவ்வளவு ஆழம்னு மேலேர்ந்து தெரியாது.

அப்புறம் அடிப்பக்கம் பர்மனெண்ட் மார்க்கர்ல உன் ஃபோன் நம்பர எழுதி வை. நான் ஏரில விட்ட பச்ச டிஸ்க் ஒண்ணு, பதினோரு மாசம் கழிச்சு, தண்ணி வத்தினப்ப யாரோ ஒருத்தர் எடுத்து ஃபோன் பண்ணினார். போய் வாங்கினேன். விளிம்பெல்லாம் பாசி புடிச்சு, அடில சேறு காஞ்சு ஒட்டி இருந்துது, என் நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்து மட்டும் மங்கியிருந்துது. ஆறேழு நம்பர மாத்தி மாத்தி அடிச்சுப் பாத்துதான் என்னைப் புடிச்சாராம். உன் மூணு டிஸ்க்லயும் நம்பர் இருந்துதா?

அன்புடன்,
அக்கா