திரையில் படிக்க எந்த எழுத்துரு?

கேள்வி: நீண்ட தமிழ்க் கட்டுரைகளைத் திரையில் படிப்பதற்கென வெளியிடுகிறேன். புத்தகத்தில் அழகாக இருந்த எழுத்துருவையே இங்கும் பயன்படுத்தினேன். பழைய கணினி வைத்திருப்பவர்கள், மெய்யெழுத்தின் புள்ளியே தெரியவில்லை, கண் வலிக்கிறது என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் எழுத்துரு அச்சுக்கென வரையப்பட்டது. அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் இடும் அச்சில் 12 பாயிண்ட் எழுத்துக்கு, அதாவது அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு உயரத்துக்கு, 200 புள்ளிகள் கிடைக்கின்றன. அங்குலத்துக்கு 96 பிக்சல் (திரைப் படத்தை ஆக்கும் மிகச்சிறு கட்டம்) கொண்ட பழைய திரையில் கிடைப்பதோ 16 பிக்சல்தான். மேலே மெய்ப்புள்ளியும் ஈகாரச் சுழியும், கீழே கூ, ழு போன்றவற்றின் இறக்கமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டியிருப்பதால், எழுத்தின் உடலுக்கு ஏறக்குறையப் பாதியே மிஞ்சுகிறது. அச்சில் நேர்த்தியாகத் தெரிந்த மெல்லிய கோடு ஒரு பிக்சலைக்கூட நிரப்பாமல் சாம்பல் நிறத்தில் மங்குகிறது. ணகரத்தின் வளைவுகளுக்கிடையே உள்ள வெண்வெளி அடைபட்டுப் போகிறது.

இந்தச் சிக்கலை நேரடியாகக் கையாண்ட எழுத்துரு, 1996இல் வெளிவந்த வெர்டானா என்ற ஆங்கில எழுத்துரு. அதன் வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் முதலில் பிக்சல் கட்டங்களில் எழுத்துகளை அமைத்து, அவற்றுக்குப் பொருந்தும் வளைகோடுகளைப் பிறகுதான் வரைந்தார். எந்த அளவில் எந்தக் கோடு எந்தப் பிக்சலில் நிற்க வேண்டும் என்பதற்கான கட்டளைகளை டாம் ரிக்னர் அமைத்தார். எழுத்துகளுக்குள் அகன்ற வெண்வெளியும் தாராளமான எழுத்திடைவெளியும் அதன் பலம். தமிழ் எழுத்துருவிலும் நான் முதலில் தேடுவது இவ்விரண்டையும், கோட்டின் தடிப்பு ஏறக்குறையச் சீராக இருப்பதையும்தான்.

பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். 'தாரா', 'எண்ணெய் ஏன்', 'மின்னும் மீன்' ஆகியவற்றை, வாசகர் படிக்கப்போகும் அதே அளவில், உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பழைய திரையில் இட்டுப் பாருங்கள். ரகரமும் துணைக்காலும், எகரமும் ஏகாரமும், மியும் மீயும் ஒரே பார்வையில் பிரிந்து தெரியாவிட்டால் அந்த எழுத்துருவை விட்டுவிடலாம். பெரிதாக்கிப் பார்த்து மகிழ்வது இங்கே உதவாது.

வரி இடைவெளியை எழுத்தளவைப் போல் 1.6 மடங்காவது வையுங்கள்; மேலும் கீழும் நீளும் தமிழ் எழுத்துகளுக்கு அது தேவை. இருபுறமும் ஓரம் சீராக்க வேண்டாம்: நம் சொற்கள் நீளமானவை என்பதால் வரிகளுக்குள் ஓட்டைகள் விழும்.

அங்குலத்துக்கு 200 பிக்சலுக்கு மேல் உள்ள புதிய திரைகளில் உங்கள் புத்தக எழுத்துரு நன்றாகவே தெரியும். ஆனால் வாசகரின் திரை உங்கள் கையில் இல்லை. ஆகவே அதைத் தலைப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 32 பிக்சலுக்கு மேற்பட்ட அளவில் அதன் மெல்லிய கோடுகள் பழைய திரையிலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.