மாமாவின் பழைய நிக்கான் லென்ஸை அடாப்டர் போட்டு வீடியோ எடுக்கலாமா?

மாமா வைத்திருந்த 50 மி.மீ. எஃப்/1.8 நிக்கான் மேனுவல் லென்ஸை, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சோனி ஏ6300 கேமராவில் மாட்டிக் குறும்படம் எடுக்கலாமா, மலிவான அடாப்டர் போட்டால் படத்தின் தரம் கெட்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுக்கலாம். ஏறக்குறைய இதே கூட்டணியை வைத்துத்தான் நானும் சில ஆண்டுகளாக எடுத்துவருகிறேன்.

லென்ஸ் பூட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ.; சோனி இ மவுண்டில் 18 மி.மீ. மட்டுமே. மிச்சமுள்ள 28.5 மி.மீ. இடைவெளியை நிரப்பும் வெறும் உலோகக் குழாய்தான் நீங்கள் வாங்கப்போகும் அடாப்டர். உள்ளே கண்ணாடி கிடையாது என்பதால், விலை குறைவு என்ற காரணத்தால் மட்டும் படம் மங்கிவிடாது. குழாய் ஒரு மயிரிழை நீண்டுபோனால் தொலைவில் இருக்கும் பொருள் ஃபோகஸுக்குள் வராது என்று அஞ்சி, பலர் அதைச் சற்றுக் குட்டையாகவே செய்கிறார்கள். அதனால் லென்ஸில் இன்ஃபினிட்டி (முடிவிலித் தொலைவு) குறிக்கு முன்பே தொலைவில் இருக்கும் காட்சி தெளிவாகிவிடும். வளையத்தில் பொறித்திருக்கும் தூர அளவுகளை நம்பாமல், தெளிவான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் கேமராவின் ஃபோகஸ் பீக்கிங்கையும் பெரிதாக்கிக் காட்டும் வசதியையும் பார்த்தே ஃபோகஸ் வைக்க வேண்டும்.

மலிவு அடாப்டரில் உண்மையான தொல்லை, ஆட்டம். என் அத்தை திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை தொடுப்பதை எடுத்தேன். நாரைச் சுற்றும் விரல்களிலிருந்து மெதுவாக அவர் முகத்துக்கு ஃபோகஸை நகர்த்த வேண்டும். எடுக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. எடிட்டிங்கில் பார்த்தால், நான் வளையத்தைத் திருப்பத் தொடங்கிய அந்த நொடியில் மொத்தச் சட்டகமும் ஒரு துளி பக்கவாட்டில் குதித்தது. லென்ஸுக்கும் அடாப்டருக்கும் இடையில் இருந்த அற்ப இடைவெளி செய்த வேலை அது. அடாப்டரின் பூட்டு நாக்குகளில் மெல்லிய பிளவு இருந்ததைக் கவனித்து, சிறிய ஸ்குரூ டிரைவர் முனையால் அவற்றை இம்மியளவு விரித்தேன்; லென்ஸ் இறுக உட்கார்ந்தது. புகைப்படத்தில் கண்ணுக்கே படாத இந்தக் குறை வீடியோவில் ஒரு ஷாட்டையே வீணாக்கிவிடும் என்பதால், கடையில் வாங்கினால் லென்ஸைக் கையோடு கொண்டுபோய் மாட்டி, வளையத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். குழாயின் உட்சுவர் பளபளத்தாலும் வாங்க வேண்டாம்; ஜன்னலுக்கு எதிரே கேமராவை வைத்தால் படம் வெளுத்துப்போகும்.

ஏ6300-இன் சென்சாரில் உங்கள் 50 மி.மீ. லென்ஸ், பெரிய சென்சார் உள்ள முழுச்சட்டகக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 75 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவைத்தான் காட்டும். முகத்தை நெருங்கி எடுக்க அருமையாக இருக்கும். பத்துக்குப் பத்து அறையில் இரண்டு பேரை நிறுத்தி எடுக்கச் சுவரைத்தான் இடிக்க வேண்டும். கண்ணாடி வைத்த ஸ்பீட் பூஸ்டர் வகை அடாப்டர்கள் 0.71 மடங்காகச் சுருக்கி, லென்ஸை ஏறத்தாழ 35 மி.மீ. ஆக்குவதோடு வெளிச்சத்தையும் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டித் தரும். ஆனால் கண்ணாடி உள்ளே வந்துவிட்ட பிறகு மலிவுக்கு ஆசைப்படக் கூடாது, ஓரங்கள் குழம்பிப்போகும். அகலமான ஷாட்டுகளுக்கு, கேமராவோடு வந்த கிட் லென்ஸ் இருந்தால் அதுவே போதும் என்பது என் கருத்து.

மிச்சப்படும் பணத்தில் முதலில் வேரியபிள் என்.டி. ஃபில்டர் வாங்குங்கள்; லென்ஸுக்கு முன்னால் மாட்டி, திருப்பித் திருப்பி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி அது. நொடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டரை 1/50 நொடியில் வைப்பது வழக்கம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகளின் மினுக்கலும் அதில் தெரியாது. ஆனால் உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/50 என்று வைத்தால் லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபர்ச்சரை எஃப்/22 வரை மூட வேண்டியிருக்கும், எஃப்/2.8-இல் எடுக்க ஆறு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதிவுசெய்யும் எஸ்-லாக் முறை, இந்தக் கேமராவில் ஐ.எஸ்.ஓ. 800-இல்தான் தொடங்குகிறது; அதில் எடுத்தால் இன்னும் மூன்று ஸ்டாப் குறைக்க வேண்டும். பதிவும் 8 பிட் மட்டுமே, நிறத்தை அதிகம் திருத்தினால் தாங்காது என்பதால் நான் அந்தப் பக்கமே போவதில்லை. அடுத்தது டிரைபாட். கேமராவுக்குள்ளும் அதிர்வு தாங்கும் வசதி இல்லை, பழைய லென்ஸிலும் இல்லை; கையில் பிடித்து எடுத்தால் 75 மி.மீ. பார்வையில் ஒவ்வொரு மூச்சும் தெரியும். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸே மாட்டவில்லை என்று நினைத்துக் கேமரா முரண்டு பிடிக்கலாம். நிக்கானின் அபர்ச்சர் வளையம் ஒவ்வோர் எண்ணிலும் டிக் என்று நிற்கும் என்பதால், ஷாட் ஓடும்போது அதைத் தொடாதீர்கள். சத்தமும் பதிவாகும், வெளிச்சமும் படியிறங்குவதுபோல் மாறும்.

இவை எல்லாவற்றுக்கும் முன், லென்ஸைக் கையில் எடுத்து, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். அபர்ச்சர் இலைகளில் எண்ணெய்ப் பசை இருந்தால் கவலை வேண்டாம், வீடியோவுக்கு அவை பாய்ந்து மூட வேண்டிய அவசியமில்லை. ஆனால் பல ஆண்டுகள் பீரோவில் கிடந்த லென்ஸ் என்றால், கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்க வாய்ப்புண்டு. அப்படி இருந்தால் அடாப்டர் வாங்குவதை நிறுத்திவைத்து, சுத்தம் செய்ய எவ்வளவு ஆகும் என்று ஒரு லென்ஸ் மெக்கானிக்கிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.